லைன் வீட்டு வாடகை: கொடுப்பவருக்கும் குடிவருபவருக்கும்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை, பாலாற்றை ஒட்டி, ஷூ கம்பெனியும் டேனரியும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் லைன் வீடுகளும் இருக்கின்றன. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறோ எட்டோ கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு உள்ளேயும் ஓர் அறை, அதன் ஓரத்தில் சமையல் மேடை. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறையும் கழிப்பறையும். நடையில் நுழைந்ததும் சுவரில் சப்மீட்டர்கள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றின் கீழும் பெயின்ட்டில் எழுதிய ஓர் எண். வாடகை வசூல் ஒரு கோடு போட்ட நோட்டில் நடக்கும். பணம் வந்தால் ஒரு டிக், வராவிட்டால் வெறும் கட்டம். அந்த நோட்டு உரிமையாளரிடம் மட்டும்தான் இருக்கும்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்ல. கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, பி.எஃப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் செங்கல்லில் போட்டவர்கள் உண்டு. பிள்ளை வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டியவர்கள் உண்டு. கணவர் போன பிறகு அந்த நாலு வாடகையில்தான் அடுப்பெரிக்கும் அம்மாக்கள் உண்டு. குடியிருப்பவர்கள் யார்? ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெண்களே அதிகம். சுற்றுவட்டக் கிராமங்களில் சொந்த வீடு உள்ளவர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார்கள். சொந்தமாக ஒரு சென்ட்கூட இல்லாதவர், கணவனைப் பிரிந்து பிள்ளைகளோடு வந்தவர், பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் டேனரி வேலைக்கு வந்தவர் ஆகியோருக்கு லைன் வீட்டை விட்டால் வேறு வழி இல்லை.

அரசு இவர்களுக்கு வீடு தருவதில்லையா என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் பெரும்பாலும் சொந்த வீடு கட்டுவதற்குத்தான். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அதைப் பெற முதலில் இடம் வேண்டும், இடத்துக்குப் பட்டா வேண்டும். வாடகைக்கு இருப்பவரிடம் இல்லாதது அதுதானே. 2020இல் ஊரடங்கின்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதை நாடே பார்த்த பிறகு, மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அந்த அளவில் ஒன்று தோல் ஊர்களுக்கு வரவில்லை. இங்கே கூரை கொடுப்பது லைன் வீட்டுக்காரர்தான்.

கூரை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31, விடிவதற்கு முன்பு, சிப்காட் வளாகத்தில் டேனரிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் தொட்டிச் சுவர் உடைந்து, கழிவுச் சேறு பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். விபத்தைப் பற்றிப் பேசியவர்கள் தொட்டியைப் பற்றியும் அனுமதியைப் பற்றியும் பேசினார்கள், பேசவேண்டியதுதான். ஆனால் வேலை முடிந்த மனிதர்கள் இரவில் ஏன் டேனரிக்குள்ளேயே படுத்திருந்தார்கள் என்பதும் அதே அளவு பெரிய கேள்வி. ஊருக்குள் அவர்களுக்கு ஓர் அறை இருந்திருந்தால் அந்தப் பத்துப் பேரில் பலர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

ஆகவே லைன் வீட்டுக்காரர் செய்வது ஒரு பெரிய காரியம். அதை அவரும் குடியிருப்பவரும் வெறும் வாய்ப்பேச்சில் நடத்துவதுதான் இருவருக்குமே ஆபத்து. சண்டை வரும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். சண்டை வந்த அன்று இருவர் கையிலும் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் இன்று பலருக்கு நினைவில்லாத ஒரு விதி உண்டு: வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிமையாளர் அரசு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தேவைப்பட்டால் அரசு அந்த வீட்டை எடுத்து அரசு அலுவலர்களுக்கு ஒதுக்கலாம். தனியார் வீட்டைத் தேவைப்படுவோருக்குக் கொண்டுசேர்க்கும் வழி அரசுக்குத் தெரியாத ஒன்றல்ல; அதைத் தோல் தொழிலாளிக்குச் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தச் சட்டம் போய், சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் புதுச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வாடகை எவ்வளவு என்பதை அரசு தீர்மானிக்காது. நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம். பேசியதை எழுத வேண்டும். எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரியாக இருக்க முடியும். மாவட்டங்களில் வழக்கமாகக் கோட்டாட்சியர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு வாணியம்பாடி கோட்டம். பேர்ணாம்பட்டுக்காரர்களுக்குக் குடியாத்தம் கோட்டம். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். உங்கள் லைன் வீடு நகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் இருந்தால், முதலில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பிறகு எழுதுங்கள்.

தாளில் என்ன எழுதுவது? இருவர் பெயர், முகவரி, வீட்டின் கதவு எண், வாடகை, எந்தத் தேதிக்குள் தருவது, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், கரண்டுக்கும் தண்ணீருக்கும் தனியா சேர்த்தா, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவு போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது.

அட்வான்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழகிப்போன ஒன்று. மாத வாடகை 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைக்க வேண்டும். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் அது சேமிப்பிலிருந்து வராது. தாலிச் சரடு அடகுக்குப் போய்த்தான் வரும். சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்திருந்தால் அந்த வரம்பு பொருந்தாது. எனவே பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “சட்டத்துல மூணு மாசம்தானே பாய், அஞ்சு மாசமாப் போட்டுக்கங்களேன்” என்று கேட்டுப்பாருங்கள். கேட்காதவருக்குத்தான் குறையாது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். “அடுத்த ஆள் வரட்டும், அவங்க அட்வான்ஸை வாங்கி உங்களுக்குத் தர்றேன்” என்பது வழக்கமாக இருக்கலாம், சட்டப்படி சரியல்ல.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வழக்கமான தனியார் வாடகை வீட்டுக்கு வாங்கும் அட்வான்ஸை உரிமையாளர் அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அட்வான்ஸ் எங்கே போனது என்ற சண்டையை அங்கே ஒரு மூன்றாவது ஆள் தீர்க்கிறார். அப்படி ஒன்று இங்கே வரவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அதுவரை, அட்வான்ஸை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

மாத வாடகைக்கும் ரசீது கேட்பது வாடகைதாரரின் உரிமை. ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டியதில்லை. உரிமையாளரின் நோட்டைப் போலவே குடியிருப்பவரும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, பணம் கொடுக்கும்போது அதில் கையெழுத்து வாங்கினால் போதும். கோபத்தில் உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தால் பயப்படாதீர்கள். வாங்க மறுத்துவிட்டு, பிறகு வாடகை பாக்கி என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டரிலோ வேறு வழியிலோ பணத்தை அனுப்புங்கள். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம்.

இனி வீட்டுக்காரர் பக்கம் வருவோம். அவர் ஏன் எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார்? “பேப்பர் கொடுத்தா அட்ரஸ் ப்ரூஃப் ஆயிடும், பன்னெண்டு வருஷம் இருந்தா வீடு அவனுக்கே போயிடும்” என்ற பயம். இந்தப் பயம் அடியோடு தவறு. பன்னிரண்டு வருஷக் கணக்கு, உரிமையாளரின் உரிமையை மறுத்து, இது என்னுடையது என்று வெளிப்படையாக ஒரு சொத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கு உரியது. வாடகைதாரர் உங்கள் அனுமதியோடு உள்ளே இருக்கிறார். வாடகைக்கு வந்தவர், குடியிருக்கும்போது உங்கள் உரிமையையே மறுத்துப் பேசச் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்காது. அவர் வாடகைதாரர்தான் என்பதை நிரூபிக்கும் தாள் உங்களுக்குக் காவல். தாள் இல்லாத நிலையில்தான் அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டும்.

அந்தத் தாள் மறுபக்கத்தில் என்ன செய்யும் தெரியுமா? கேஸ் இணைப்பு, ஆதாரில் முகவரி மாற்றம், ரேஷன் கார்டு, பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். கணவனின் கார்டிலிருந்து பிரிந்து வந்த ஒரு பெண்ணுக்கு, தன் பெயரில் ஒரு முகவரி கிடைப்பது அரிசி கிடைப்பதற்குச் சமம். ஒரு கையெழுத்தில் இதைக் கொடுக்க முடியும் என்னும்போது மறுப்பது நியாயமில்லை.

காலி செய்யச் சொல்வது எப்படி? ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது நினைத்த நேரத்தில் வெளியே போ என்று சொல்ல முடியாது. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் வெளியேற்ற முடியும்; அதற்குக் காரணங்கள் சட்டத்தில் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டாதது ஒன்று. வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, அனுமதியில்லாமல் வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விடுவது, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாமலே இருப்பது ஆகியவையும் காரணங்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: தாள் இல்லாமல் இருப்பது குடியிருப்பவரை வெளியேற்றவே ஒரு காரணமாகிவிடும். அதே சமயம், பாக்கிக்காகத் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரண்ட் ஃபியூஸைப் பிடுங்குவது, கழிப்பறையைப் பூட்டுவது எதுவும் செல்லாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டித்தால், வாடகை அதிகாரி உடனே திருப்பித் தரச் சொல்லி உத்தரவிடலாம், அபராதமும் போடலாம். வீட்டைப் பார்க்க வரவேண்டும் என்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் உரிமையாளர் உள்ளே வரவேண்டும். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இந்த ஒரு விதி எவ்வளவு நிம்மதி என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பழுதுபார்ப்பில் யார் எதைச் செய்வது என்பதையும் சட்டத்தின் பட்டியல் பிரித்துக் காட்டுகிறது. சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச் மாதிரியான சின்னச் சின்ன வேலைகள் குடியிருப்பவர்.

இப்போது இந்தப் பகுதியில் அதிகம் பேர் நஷ்டப்படும் இடத்துக்கு வருகிறேன்: லீஸ், அதாவது போக்கியம். மாத வாடகை கிடையாது. இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருஷம் வீட்டில் இருக்கலாம், போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். கேட்க இலவசம் போலவே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். அதே வீட்டின் வாடகை 4,000 என்றால், வாடகை இல்லை என்ற சந்தோஷத்தில் மாதம் 2,000 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொந்தமாகச் சேர்த்த பணமாக இருந்தால் மட்டுமே லீஸ் லாபம். அப்போதும், பணம் திரும்பி வந்தால்தான்.

பணம் ஏன் திரும்பாது? வீட்டுக்காரர் அதை மகளின் கல்யாணத்துக்கோ, மாடி கட்டவோ, வேறு கடனை அடைக்கவோ வாங்கியிருப்பார். மூன்று வருஷம் கழித்து அவரிடம் இருக்காது. புதிதாக ஒரு லீஸ்காரரைப் பிடித்து, அவர் பணத்தை வாங்கி இவருக்குத் தருவார். இப்படி ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். எந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லையோ அந்த வருஷம் இருப்பவர் மாட்டிக்கொள்வார். இதில் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் கிடையாது. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தாலும் பணம் போனது போனதுதான்.

இதைவிட மோசமானது, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது. தவணை நின்றால் வங்கி 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் லீஸ்காரருக்கே விஷயம் தெரியவரும். “நான் மூணு லட்சம் கொடுத்திருக்கேன் சார்” என்று முத்திரைத்தாளைக் காட்டினால் நிற்காது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாத தாளையோ வாய்ப்பேச்சையோ வைத்துக்கொண்டு வங்கிக்கு எதிராக நீண்ட காலம் வீட்டில் இருக்க உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. போக்கியம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவுப் பத்திரமாகத்தான் எழுத வேண்டும். நோட்டரி சீல் பதிவு ஆகாது. சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த போக்கியப் பத்திரம் இருந்தால், பணம் கைக்கு வரும்வரை வீட்டுக்காரருக்கு வீட்டை விடாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதிவுச் செலவைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள், எவ்வளவு பணத்தைக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சொத்தின் வில்லங்கத்தைப் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதைப் பதிந்திருந்தால் அதில் தெரியும். அடுத்து, அசல் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் வேறு எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கரண்ட் பில்லும் கவனிக்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் ஒரு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லைன் வீட்டில் ஆறு குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால், ஆறு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு 100தான். யூனிட் கூடக்கூட விலையும் ஏறுவதால், ஒற்றை ஃபேனும் ஒரு லைட்டும் போடுபவர், பக்கத்துத் தெருவில் தனி வீட்டில் இருப்பவரைவிட அதிக விலைக்கு மின்சாரம் வாங்குகிறார். உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு ரவுண்டு கணக்கில் வசூலித்தால், கடைசியாக வந்த மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லி, அதைச் சப்மீட்டர் கணக்கில் பிரிப்பதுதான் நேர்மை. ஒப்பந்தத்திலேயே இப்படி எழுதிவிட்டால் மாதாமாதம் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு வீடு பிடியுங்கள். பாலாற்றில் கலந்த டேனரிக் கழிவால்தான் இந்த ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. நிலத்தடி நீர் அதற்குள் சரியாகிவிடவில்லை. மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. அது எந்த நாளில், எத்தனை மணி நேரம் வரும், லைன் வீட்டில் அதைப் பிடிக்க எத்தனை குழாய் இருக்கிறது, மோட்டார் எப்போது போடுவார்கள் என்று குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். கேன் தண்ணீர் வாங்கித்தான் குடிக்க வேண்டும் என்றால், அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

காலை வேளையில் லைன் வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கையால் தைப்பதைப் பார்க்கலாம். இடது கையில் தோல், வலது கையில் தடித்த ஊசி, பக்கத்தில் ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போன மூட்டை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகவே இவர்களுக்குக் கிடைப்பதைப் பதிவு செய்தது. இவர்களுக்கு வீடுதான் தொழிற்சாலை. வாசல் வெளிச்சம் இல்லாத வீடு, இவர்களுக்குக் கூலி இல்லாத வீடு. வீட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறாய் என்று நாளைக்கு ஒரு பேச்சு வராமலிருக்க, கைத்தையல் வேலை செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

வெளிமாநிலத்துத் தொழிலாளர்களின் நிலை வேறு. பெரும்பாலும் காண்ட்ராக்டர் தன் பெயரில் ஒரு வீட்டை எடுத்து, அதில் எட்டுப் பத்துப் பேரைத் தங்கவைப்பார். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். காண்ட்ராக்டரோடு தகராறு வந்தால் வேலையும் இருப்பிடமும் ஒரே நாளில் போய்விடும். மாநிலம் விட்டு வரும் தொழிலாளர்களுக்குக் காண்ட்ராக்டர் தங்குமிடம் தர வேண்டும் என்றுதான் 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் தங்குமிடம் தருவதும் அதில் இருப்பவருக்கு உரிமை தருவதும் ஒன்றல்ல. வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: முடிந்தால் தங்குபவர்கள் பெயரையெல்லாம் ஒப்பந்தத்தில் சேருங்கள். ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்ற பட்டியலாவது இருக்கும். ராணிப்பேட்டையை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. கம்பெனி தன் ஆட்களுக்கு வேலையோடு சேர்த்துத் தரும் குவார்ட்டர்ஸும், வக்ஃபுச் சொத்துகளும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வேலூர் நகரத்தில் இன்னொரு வகை வாடகை இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் சிறிய அளவில் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு, பாபுராவ் தெரு, தோட்டப்பாளையம் பக்கம் வீடுகளில் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் அறை கொடுக்கிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்துகூட இருக்கும். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைக் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதை லாட்ஜுகளுக்கு மட்டும் உரியது என்று பல வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வீட்டில் தங்கவைப்பவருக்கும் அது உண்டு. சிகிச்சை நீண்டு பணம் தீர்ந்துவிட்ட குடும்பத்திடம் நாள் வாடகையை வார வாடகையாக்கிக் குறைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் அந்தத் தெருக்களில் உண்டு.

வீடு கேட்டுப் போனதும் முதலில் வரும் கேள்வியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. “எத்தனை பேரு, எங்க வேலை” என்பதற்குப் பிறகு, “நீங்க என்ன ஆளுங்க?” என்று வரும். பதில் பிடிக்கவில்லை என்றால், “நேத்துதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு” என்பார்கள். ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை மட்டும் அடுத்த வாரமும் தொங்கிக்கொண்டிருக்கும். தோலைத் தொட்டு வேலை செய்பவர்களின் உழைப்பில் வளர்ந்த ஊர்களில், அந்தத் தொழிலாளியின் சாதியைக் கேட்டு வீடு மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதியையோ மதத்தையோ காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று நம் எம்.எல்.ஏ.க்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

தகராறு வந்துவிட்டால் நேராக வக்கீல் ஃபீஸை நினைத்துப் பயப்படாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் அனைவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. இவர்களின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. லைன் வீட்டில் இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இதற்குள் வந்துவிடுவார்கள். வாடகையை நம்பி வாழும் வீட்டுக்கார அம்மாவும் வருவார். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போகும்போது ஒப்பந்தம், கையெழுத்து வாங்கிய நோட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டின் பிரின்ட், ஆதார் நகல், கம்பெனி அடையாள அட்டை இவற்றை எடுத்துப்போங்கள். ஒப்பந்தமே இல்லை என்றாலும் போங்கள். வாடகை அனுப்பிய கணக்கை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவுக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துப்போனால் மனு எழுதத் தொடங்கிவிடலாம்.